சைபரில் தொடங்காத எடைமேடை

பந்தல்குடி ரோட்டில் சித்தப்பா லாரி எடைமேடை வைத்திருந்தார். தொண்ணூறுகளின் நடுவில், நான் சொன்னேன் என்பதற்காகவே அதில் ஒரு கம்ப்யூட்டரைச் சேர்த்தார். லாரியின் எடை ஒரு பெட்டியில் சிவப்பு எண்களாக எரியும். அங்கிருந்து வயர் வழியாகக் கம்ப்யூட்டருக்கு வந்து சீட்டாக அச்சாகும். நடுவில் நின்று எடையை வாங்கித் தரும் சின்ன நிரல் நான் எழுதியது. எடைப்பெட்டி ஓர் எழுத்தை அனுப்பியதும் கம்ப்யூட்டரின் தோளில் ஒரு தட்டு விழும். இன்டரப்ட் என்பார்கள். செய்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டு அது என் நிரலிடம் ஓடி வரும், எழுத்தை வாங்கும், திரும்பிப் போகும்.

அந்தப் பருத்திப் பருவத்தில் அது திரும்பிப் போகவில்லை.

காலைதோறும் கம்ப்யூட்டர் செத்தது. கீபோர்டு கல், திரை கல். மத்தியானம் கரண்ட் போய் வந்தால் ஒன்றுமே நடக்காதது போல ஓடியது. மதுரையில், என் அறையில் அதே நிரல் ஒரு நாளும் நின்றதில்லை. ஊருக்கு வந்து வயரை மாற்றினேன், கம்ப்யூட்டருக்குள் வயர் சேரும் கார்டை மாற்றினேன், இன்டரப்ட் எண்ணை மாற்றினேன். ஒரு காலையில் வானமும் கறுத்துக்கொண்டு வந்தது. கரிசலில் விதைத்தபோது வராத மழை, பருத்தி வெடித்த பிறகு வருகிறது. தார்ப்பாய் போதாத லாரிகள் ரோட்டோரம் நின்றன.

"அண்ணாச்சி, ஒங்க பொட்டிக்கு இன்னும் விடியலையாக்கும்," என்றார் முன்னால் நின்ற லாரிக்காரர்.

"செத்த இருங்கப்பா. எங்க அண்ணன் மக பாத்துக்கிட்டு இருக்கா."

"மக பாக்கட்டும், மழை பாக்குமா?" பின்னாலிருந்தவர் சிரித்தார். "ஏலே, வண்டியத் திருப்பு. டவுனு மேடைக்குப் போவோம்."

டவுன் மேடைக்குப் பழகிய லாரி திரும்பி வராது. சித்தப்பாவுக்கு வேறு பிழைப்பும் கிடையாது. திரையைப் பார்க்கப் பயந்து ஜன்னலைப் பார்த்தேன். மேடையின் நடுவில் ஓர் உப்பு மூட்டை.

"அது எதுக்குச் சித்தப்பா?"

"தெனமும் வைக்கிறதுதான் தாயி. யாவாரம் சைபர்ல தொடங்கக் கூடாதுல்ல. மூட்டைய வச்சுட்டுத்தான் சுச்சுப் போடுவேன். மொத வண்டி ஏறுறப்ப எடுத்துருவேன்."

எடைப்பெட்டியைத் திரும்பிப் பார்த்தேன். எடைப்பெட்டிக்குள் அதைச் செய்தவர்கள் பதித்து வைத்த நிரல் ஒன்று உண்டு. கண் விழிக்கும்போது மேடை காலியாகத்தான் இருக்கும் என்று நம்பியது அது. பாரத்தோடு விழித்தால் சைபரைத் தேடித் தவித்து, எடைக்கு வருமுன் கொஞ்சம் உருக்குலைந்த எழுத்துகளை அனுப்பியது. அப்படி வரும்போது எழுத்தை மட்டும் வாங்கினால் போதாது. பிழை என்னவென்று கார்டில் குறித்திருப்பதையும் வாசிக்க வேண்டும். வாசித்தால்தான் தட்டுகிற கை இறங்கும். என் நிரல் வாசிக்கவில்லை. கை இறங்கவில்லை. வா, போ, வா, போ என்று அதிலேயே கம்ப்யூட்டருக்கு மூச்சடைத்துப் போனது. மத்தியானம் மேடையில் மூட்டை இல்லை, அதனால்தான் கரண்ட் வந்ததும் ஓடியது.

"மூட்டைதான் சித்தப்பா," என்றேன்.

அவர் போய் மூட்டையை இறக்கினார். சுவிட்சை அணைத்துப் போட்டார். ஓடியது. சிவப்பாக ஒரு சைபர். அவர் லாரியைக் கூப்பிடவில்லை. வாசலில் வந்து நிற்கும் தந்திக்காரனைப் பார்ப்பது போல அந்தச் சைபரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மூட்டைய மறுபடி வைங்க சித்தப்பா. நான் மாத்திர்றேன்."

"வண்டி போயிருமே தாயி."

கீபோர்டை இழுத்துக்கொண்டேன். முதலில் பிழையை வாசி, கெட்ட எழுத்தைக் கீழே போடு, பிறகு நல்லதை வாங்கு: என் நிரலின் தொடக்கத்தில் சில வரிகள் சேர்த்தேன். தப்பும் தவறுமாக விரல் ஓடியது. வெளியே ஒவ்வொரு வண்டியாக ரிவர்ஸ் எடுக்கும் சத்தம் கேட்டது, தலையைத் தூக்கவில்லை.

சித்தப்பா சுவிட்சைப் போட்டார். திரையில் மூட்டையின் எடை வந்து நின்றது, உயிரோடு.

முன்னால் நின்றவர் மட்டும் போகவில்லை. லோடுமேல் ஏறித் தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். "ஏத்தவா அண்ணாச்சி?" என்றார்.

"ஏத்துங்க," என்று மூட்டையை எடுக்கப் போன சித்தப்பா, போன வண்டிகளின் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். ரோட்டில் புழுதி மட்டும் இருந்தது. அதன்மேல் முதல் தூறல் விழுந்தது.