சுவருக்குள் ஆயிரம் எலிகள்

சுவரில் கை வைத்தால் வெதுவெதுப்பாக இருக்கும். காதை வைத்தால் "ம்ம்ம்ம்..." என்று ஒரு முனகல். மூக்கைக் கொண்டுபோனால் லேசாகத் தேன் வாசம்...

பல்லேகம என்ற சிங்களக் கிராமத்துக்கு முதன்முதலாக வேலை கிடைத்துப் போனபோது நான் வாடகைக்கு இருந்த அறையின் மண்சுவர் அது. அந்த முனகலை, தூரத்தில் எங்கோ நெல் ஆலை ஓடுகிறது என்று மூன்று வாரத்துக்கு மேல் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு புதன்கிழமை துணி காயப்போட வீட்டுக்குப் பின்னால் போனபோதுதான் பார்த்தேன். சுவரில் ஒரு ஓட்டை. அதில் வரிசையாகத் தேனீக்கள் போவதும் வருவதுமாக இருந்தன.

தலையில் கை வைத்துக்கொண்டேன். தேனீக்குப் பயந்து அல்ல. சனிக்கிழமை அம்மா வருகிறார்!

உக்குவளைப் பக்கம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லய வீட்டில் வளர்ந்தவள் நான். எங்கள் குடும்பத்தில் வெளியூரில் தனியாகத் தங்கி வேலை பார்த்த முதல் பெண். கொழுந்து பறித்து என்னைப் படிக்கவைத்த அம்மா, அனுப்பும்போதே சொல்லிவிட்டார்.

"இந்தா பாரு, ஒரு மாசம் கழிச்சு வந்து பாப்பேன். எடம் சரியில்லன்னா கையோட கூட்டிட்டு வந்துருவேன். வேலையும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

அம்மா சொன்னால் சொன்னதுதான்.

சரி, வீட்டுக்கார பண்டா மாமாவிடம் சொல்லிவிட்டால் தீர்ந்தது என்று போனேன். சிங்களம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. அப்படித்தான் நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். தேனீக்கு என்ன வார்த்தை என்று மட்டும் வழியில் ஒரு நிமிடம் யோசித்தேன். தேனுக்கு 'மீ பெணி' என்பார்கள். அப்படியென்றால் தேனீ 'மீ'. நிறைய இருந்தால் 'மீயோ'. இதென்ன பெரிய வித்தை!

"மாமே, பித்தியே மீயோ இன்னவா" என்றேன். சுவருக்குள் தேனீக்கள் இருக்கின்றன என்று சொன்னதாக எனக்கு நினைப்பு.

அவர் பதறவே இல்லை. மீதிப் பேச்சும் சிங்களத்தில்தான், உங்களுக்காகத் தமிழில் சொல்கிறேன்.

"எத்தன இருக்கும் துவே?" மகளே என்றுதான் கூப்பிடுவார்.

"ஆயிரத்துக்குக் கொறையாது மாமே."

"ஆயிரமா!"

"ஆமா. வரிசையா உள்ள போகுது, வெளிய வருது."

என்னை மேலும் கீழும் பார்த்தார். நாளைக்கு வருகிறேன் என்றார்.

சொன்னபடி மறுநாள் சாயந்தரம் வந்தார். ஒரு கையில் பொறி, அதில் சுட்ட தேங்காய்த் துண்டு. இன்னொரு கை இடுக்கில் ஒரு பூனை... தோளில் நீளமாக ஒரு கம்பி.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் இந்த ஊரில் தேனீயை இப்படித்தான் பிடிப்பார்கள் போல என்று வாயை மூடிக்கொண்டு நின்றேன். கேட்டால் எனக்குத் தெரியாது என்று ஆகிவிடுமே!

பூனையை இறக்கிவிட்டு, கம்பியை ஓட்டைக்குள் விட்டு ஒரு குத்து குத்தினார். அவ்வளவுதான். பூனை போன இடம் தெரியவில்லை. மாமா வயலை நோக்கி ஓடினார். நான் அவருக்கு முன்னால் ஓடினேன்.

வரப்பில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டே கத்தினார். "துவே, மீயோ நெவெய்! மீ மெஸ்ஸோ!"

மீயோ என்றால் எலிகளாம். தேனீ, மீ மெஸ்ஸோவாம். நான் சிங்களம் படித்தது கடையிலும் பஸ்ஸிலும். கடையில் எலி விற்பதில்லை, எனக்கு எப்படித் தெரியும்?

மாமாவுக்கு ஒரு கண் பணியாரமாக வீங்கிவிட்டது. எனக்குக் கன்னத்தில் ஒன்று. அழுதுவிட்டேன். வலியில் இல்லை... "சனிக்கிழமை அம்மா வருவாங்க மாமே. இதப் பாத்தா என்னயக் கூட்டிட்டுப் போயிருவாங்க."

அவர் ஒற்றைக் கண்ணால் சிரித்தார். "ஆயிரம் எலின்னு சொன்னதுக்கே வந்தவன் நான். தேனீக்கா பயப்படப்போறேன்?"

வெள்ளிக்கிழமை பொழுது சாயத் தேங்காய்மட்டையில் புகை போட்டார். சுவரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர்த்தார். உள்ளே அடை அடையாகத் தேன்! ராணித் தேனீ இருந்த அடையை மெதுவாக எடுத்து ஒரு மண்சட்டிக்குள் வைத்தார். மற்றவையெல்லாம் மெல்ல மெல்லப் பின்னாலேயே போய்விட்டன. சட்டியைப் பலா மரத்தில் கட்டினார். சுவரைக் களிமண்ணால் பூசினோம். பூசியது நான்தான், இன்றைக்கும் பெருமையாகச் சொல்வேன்.

சனிக்கிழமை அம்மா இரண்டு பஸ் மாறி வந்து இறங்கினார். கையில் பெரிய பேக். உள்ளே ஒன்றுமில்லை. எதற்கென்று எனக்குத் தெரியாதா?

என் கன்னத்தைப் பார்த்தார். மாமாவின் கண்ணைப் பார்த்தார். ஈரச் சுவரைத் தொட்டுப் பார்த்தார். மறைக்க வழியில்லை, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"சொன்னதும் வந்தாரா?" என்று மட்டும் கேட்டார்.

"எலிப்பொறியோட வந்தாரும்மா."

அம்மா அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மூன்று மணி பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார். பேக்கில் என் துணி இல்லை, மாமா கொடுத்த ஒரு போத்தல் தேன்தான் இருந்தது. "வேலய ஒழுங்கா பாரு" என்று சொல்லிவிட்டு ஏறியவர், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பொல்லாத மனுசி, கொஞ்சம்கூடக் கலங்கவில்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது என் மகள் கொழும்பில் ஒரு ரூமில் இருக்கிறாள். தினமும் வீடியோ கால். சமைத்ததைக் காட்டுவாள், ஒழுகுகிற கூரையையும் காட்டுவாள், "ஒண்ணுமில்லம்மா, நான் பாத்துக்குறேன்" என்பாள். என் மகள் இல்லையா, பார்த்துக்கொள்வாள்!

ஆனால் ஒவ்வொரு தடவையும் "வந்துரு" என்ற வார்த்தை தொண்டை வரைக்கும் வந்துவிடுகிறது. அதனால் இப்போதெல்லாம் நானே முதலில் போனை வைத்துவிடுகிறேன். என் முகத்தை அவள் பார்த்துவிடக்கூடாது.

அம்மா ஏன் திரும்பிப் பார்க்கவில்லை என்று இப்போதுதான் எனக்குத் தெரிகிறது...