துடைத்து வைத்த அட்டை

வடசென்னை எர்ணாவூரில் எங்கள் தெருப் பெண்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. காலையில் துணி காயப்போட மாடிக்குப் போனால் முதல் வேலையாக ஈரத்துணியால் கொடியைத் துடைப்பார்கள். இந்த முனையில் பிடித்தால் அந்த முனை வரை ஒரே இழுப்பு. துணியைப் பிரித்துப் பார்த்தால் நடுவில் கறுப்பாக ஒரு கோடு விழுந்திருக்கும். அதற்குப் பிறகுதான் புடவையோ சட்டையோ கொடியில் ஏறும். கொடி துடைக்காமல் துணி போடுகிறவளைப் பற்றிக் குழாயடியில் நல்லவிதமாகப் பேசமாட்டார்கள். தண்ணீர்க் குடத்து மூடி, ஜன்னல் கம்பி, தம்பியின் மூன்று சக்கர சைக்கிள் என எல்லாவற்றுக்கும் தினமும் அதே உபசாரம்தான். தெரு முடிகிற இடத்தில் ஒரு தொழிற்சாலையின் மதில் இருந்தது. எந்தத் தொழிற்சாலை என்று கேட்காதீர்கள், எங்கள் பக்கத்தில் மதிலுக்கா பஞ்சம்? உலகத்தில் எல்லா ஊரிலும் கொடியைத் துடைத்துவிட்டுத்தான் துணி போடுவார்கள் என்று பன்னிரண்டு வயதுவரை நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பன்னிரண்டாவது வயதில், ஏழாம் வகுப்பில், எங்களுக்குப் புதிதாக ஒரு அறிவியல் டீச்சர் வந்தார். சன்னமான குரல், பெரிய கைப்பை. சனிக்கிழமைகளில் மற்ற ஆசிரியர்கள் வீட்டில் துணி துவைக்கும்போது, இவர் இரண்டு பஸ் மாறி நகரத்தின் தென்கோடிக்குப் போய், ஆசிரியர்களுக்காக நடந்த சுற்றுச்சூழல் பயிற்சி ஒன்றில் உட்கார்ந்துவிட்டு வருவார். போகச் சொல்லி யாரும் உத்தரவு போடவில்லை. திங்கட்கிழமை அந்தக் கைப்பையிலிருந்து ஏதாவது ஒன்று வெளியே வரும். ஒரு வாரம் பூதக்கண்ணாடி, ஒரு வாரம் மண்ணை அடுக்கடுக்காகக் காட்டும் கண்ணாடிக் குழாய், ஒரு வாரம் லிட்மஸ் தாள். ஆளுக்கு நான்கு தாள் கொடுத்து, வீட்டில் கிடைக்கிற எதிலாவது நனைத்து நிறம் மாறுகிறதா என்று பார்த்து வரச் சொன்னார்.

நான் ஒரு தாளை அம்மா வைத்த ரசத்தில் நனைத்தேன். நீலத் தாள் சிவந்துபோனது. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அம்மா மட்டும் அடுப்படியிலிருந்து எழுந்து வந்து தாளையும் ரசத்தையும் மாறிமாறிப் பார்த்தாள். பரீட்சைத் தாளில் சிவப்பு என்றால் தப்பு என்பது அவளுக்குத் தெரியும்.

"ரசத்துல இன்னாடி கொற கண்டாங்க உங்க டீச்சரு?" என்றாள்.

புளி என்றால் அப்படித்தான் என்று சொல்லிப் பார்த்தேன். அவள் சமாதானம் ஆகவில்லை. கண்டெய்னர் லாரி ஓட்டிவிட்டு வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும் வீட்டுக்கு வருகிற அப்பாவிடம், அந்த முறை சாப்பாடு போடும்போது இதைச் சொல்லிக் குறைபட்டுக்கொண்டாள். அப்பா இன்னொரு கரண்டி ரசம் வாங்கிக் குடித்துக் காட்டினார். இருந்தாலும் பள்ளிக்கூடத்திலிருந்து ஏதோ ஒரு கண் எங்கள் வீட்டுக்குள் நுழைந்து குற்றம் தேடுகிறது என்கிற எண்ணம் அன்று அவள் மனதில் விழுந்துவிட்டது. நான் அதைக் கவனிக்கவில்லை.

அடுத்து வந்ததுதான் அட்டைச் சோதனை. உள்ளங்கை அகலத்துக்கு வெட்டிய நாற்பது வெள்ளை அட்டைகள், வகுப்பில் நாற்பது பேர். அட்டையின் ஒரு பக்கத்தில் டீச்சரே வாசலின் தடவினார். எங்களைத் தொடவிடவில்லை. அடிஸ்கேலின் தட்டையான ஓரத்தால், பன் மேல் வெண்ணெய் தடவுவதுபோல, எல்லாவற்றிலும் ஒரே கனமாக இருக்கிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். இரண்டு பீரியட் போனது. ஒன்றில் கனம் கூடிவிட்டதென்று வழித்துவிட்டு மறுபடியும் தடவினார். அதை மொட்டை மாடியில் ஏழு நாள் தொங்கவிட வேண்டும். காற்றில் இருப்பது அதில் ஒட்டிக்கொள்ளும். எந்தத் தெருவில் எவ்வளவு ஒட்டுகிறது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். நம் கை படக்கூடாது, அடிக்கடி போய் எட்டிப் பார்க்கவும் கூடாது என்றார்.

இன்னொன்றும் சொன்னார். திருவொற்றியூரில் நடக்கப்போகும் அறிவியல் கண்காட்சியில் எங்கள் அட்டைகள் தேர்வானால், அந்தப் பயிற்சி நடத்துகிறவர்கள் எங்கள் பள்ளிக்கூட மாடியில் நிஜமான கருவி ஒன்றைக் கொண்டுவந்து வைத்து ஒரு வருஷம் காற்றை அளப்பார்களாம். தம்பிக்கு அப்போது நான்கு வயது. வாரம் ஒருமுறை மூச்சிழுப்பு வரும். வந்தால் அம்மா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவாள்; அன்று நான் வகுப்புக்குத் தாமதமாகப் போவதால் டீச்சருக்கும் விஷயம் தெரியும். ஏன் வருகிறது என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. அந்தக் கருவி வந்தால் சொல்லிவிடும் என்று நானாக முடிவு செய்துகொண்டேன். சாமிக்கு வேண்டிக்கொள்வதுபோல் அதற்கு வேண்டிக்கொண்டேன்.

அட்டையை மாடிக் கொடியின் ஓரத்தில் கிளிப் போட்டு மாட்டினேன். டீச்சர் கொடுத்தது, ஒரு வாரம் இங்கேயே இருக்க வேண்டும் என்று அம்மாவிடம் சொன்னேன். எதற்கு என்று நான் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை, ரசத்தில் பட்டது போதும் என்று நினைத்திருப்பாள். எட்டிப் பார்க்கக்கூடாது என்ற டீச்சரின் சொல்லை நான் ஏழு நாளும் அப்படியே கடைப்பிடித்தேன். அவ்வளவு கீழ்ப்படிதல் என் வாழ்க்கையில் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

எட்டாம் நாள் காலையில் மாடி ஏறினேன். அட்டை பளிச்சென்று வெள்ளையாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அம்மா பக்கத்தில் கொடியைத் துடைத்து முடித்துப் புடவை காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"தினோம் கருகருன்னு ஆயிடுதுடி. அத்த அப்டியேவா வுடுவாங்க? கொடி தொடைக்கசொல்ல அதையும் தொடச்சி வெச்சேன். டீச்சரு பாத்தா இன்னா நென்ச்சிப்பாங்க, இன்னா வூடு இது, இம்மாங் கலீஜா கீதேன்னு."

துடைத்ததில் அந்தப் பிசுபிசுப்புப் போய்விட்டதால், டீச்சர் கோபித்துக்கொள்ளக் கூடாதென்று கொஞ்சம் தேங்காயெண்ணெயும் தடவி வைத்திருக்கிறாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த நிறைவைப் பார்த்து எனக்கு அழுகைதான் வந்தது. அதையும் அவள் வேறு மாதிரி எடுத்துக்கொண்டு, இந்த முறை பாஸாகிவிடுவாய், போ என்றாள். மாடிச் சுவரில் ஏழு நாள் கறுப்போடு அந்தத் துடைக்கிற துணி காய்ந்துகொண்டிருந்தது. பேசாமல் அதை எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். அந்த வயதில் அந்தப் புத்தி எங்கே இருந்தது?

வகுப்பில் எல்லோருடைய அட்டையும் சாம்பல் நிறம். தூரத்துக் காலடிப்பேட்டையிலிருந்து வருகிறவளுடையது இளஞ்சாம்பல், மதில் பக்கம் வரவர அடர்த்தி. மதிலை ஒட்டிய கடைசித் தெருவில் வகுப்பிலேயே நான் ஒருத்திதான் இருந்தேன். என் அட்டையை டீச்சர் கையில் வாங்கினார். ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோனார். பிறகு குனிந்து, எண்ணெய் வைத்துப் பின்னியிருந்த என் சடையின் மேல் ஒரு கணம் கையை வைத்து எடுத்தார். யார் துடைத்தது என்று கேட்கவில்லை. தம்பிக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டார். தப்பித்தோம் என்று பெஞ்சில் உட்கார்ந்தேன். என் அட்டைதான் அழகாக இருக்கிறதென்று தடவிக்கொடுத்தார்போல என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது.

பெரிய சார்ட்டில் நாற்பது அட்டைகளையும் ஒட்டி, கீழே தெருப் பெயர்களை எழுதினோம். மதிலிலிருந்து தூர வரிசைப்படி ஒட்டும்போது என்னுடையது முதலில் வந்திருக்க வேண்டும். டீச்சர் அதை வலது கீழ் மூலையில், பார்வைக்குப் படாத இடத்தில் ஒட்டினார். எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்.

கண்காட்சி நாளன்று டீச்சர் அம்மாக்களையும் வரச் சொல்லியிருந்தார். அம்மா கல்யாணப் புடவையில், இடுப்பில் தம்பியோடு வந்து எங்கள் மேஜைக்குப் பக்கத்தில் நின்றாள். நடுவர்கள் மூன்று பேர். அதில் ஒருவர் ஏதோ ஒரு தொழிற்சாலையின் இன்ஜினீயர். கெட்டவர் என்று சொல்லமாட்டேன், பொறுமையாகத்தான் பார்த்தார். மற்ற இருவரும் நன்றாக இருக்கிறது என்று தலையாட்டிக்கொண்டிருந்தபோது, இவர் தெருப் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே போய்க் கீழ் மூலைக்கு வந்துவிட்டார். இந்தத் தெரு மதிலை ஒட்டித்தானே இருக்கிறது என்று என்னைக் கேட்டார். ஆமாம் என்றேன்.

"மதிலுக்குக் கிட்ட இருக்கிற வீடே இவ்ளோ சுத்தமா இருக்கு. அப்ப மத்ததெல்லாம் ரோட்டுப் புழுதி, லாரிப் புகைதானே டீச்சர்?"

நியாயமான கேள்வி. சுற்றி நின்ற அத்தனை முகமும் என் பக்கம் திரும்பியது. நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் காதில் விழுந்தது 'வீடு சுத்தம்' என்கிற ஒரே சேதிதான். ஒரு இன்ஜினீயர் வாயால், நாலு பேருக்கு முன்னால். அவள் முகம் மலர்ந்திருந்தது. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள், அன்று நான்தான் மத்தளம். வாயைத் திறந்தால் கல்யாணப் புடவையில் நிற்கும் அம்மா எல்லோர் முன்னாலும் கூனிப்போவாள். மூடிக்கொண்டால் முப்பத்தொன்பது பேர் உழைப்பும், தம்பிக்காக வரவேண்டிய அந்தக் கருவியும் போகும்.

டீச்சரும் அம்மாவை ஒருமுறை பார்த்தார். பிறகு சன்னமான அந்தக் குரலில் சொன்னார்.

"அந்த அட்டை என்னோட பிசகு சார். வாசலின் நான்தான் தடவினேன். அதுல சரியாத் தடவல."

அப்படியானால் மற்ற அட்டைகளிலும் சரியாகத் தடவினீர்கள் என்று எப்படி நம்புவது என்று அவர் கேட்டார். நடுவர்கள் ஏதோ எழுதிக்கொண்டு அடுத்த மேஜைக்கு நகர்ந்தார்கள். அங்கே ஒரு பையன் சமையல் சோடாவும் வினிகரும் ஊற்றி எரிமலை பொங்க வைத்துக்கொண்டிருந்தான். எரிமலையே இல்லாத ஊரில் அன்று முதல் பரிசு எரிமலைக்குப் போனது.

பள்ளிக்கூட மாடிக்குக் கருவி வரவில்லை. எங்கள் வகுப்பு டீச்சர்மேல் கொதித்துப் போயிருந்தது. ஒழுங்காகத் தடவியிருந்தால் ஜெயித்திருப்போம் என்று பிள்ளைகள் பின்பெஞ்சில் பேசிக்கொண்டார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து தலையாட்டினேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது, நடிக்கவில்லை, நம்பியே தலையாட்டினேன். அம்மா செய்தது டீச்சருக்குத் தெரியாது, அவரும் தன் பங்குக்கு எங்கேயோ பிசகியிருக்கிறார், அது நம் நல்லகாலம் என்றுதான் என் புத்திக்கு எட்டியது. இரண்டு பீரியட் முழுக்க வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்த கை, சரியாகத் தடவவில்லை என்று சொன்னால் அதை நம்புகிற வயது அது. அடுத்த வருஷம் டீச்சர் மாற்றலாகிப் போய்விட்டார். சொல்லிக்கொண்டு போக எங்கள் வகுப்புக்கு வந்தபோது, மற்றவர்களைப்போல நானும் பட்டும் படாமல்தான் நின்றேன்.

இப்போது நானே அறிவியல் டீச்சர். சென்ற வருஷம் ஒரு சனிக்கிழமை, அதேபோல் இரண்டு பஸ் மாறி ஒரு பயிற்சிக்குப் போனேன். அட்டையும் வாசலினும் கொடுத்தார்கள். சொல்லிக்கொடுத்தவர் வயதில் சின்னவர். பிள்ளைகள் வீட்டில் சில அம்மாக்கள் துடைத்துவிடுவார்கள், சாய்த்துப் பார்த்தால் விரல் தடம் தெரியும், வேறு எண்ணெய் தடவியிருந்தால் மோந்து பார்த்தாலே போதும், அந்த மாதிரி அட்டையை விலக்கிவிடுங்கள் என்று போகிறபோக்கில் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் அந்த வகுப்பறை ஜன்னலும், மூக்கருகே போன அட்டையும், சடையின் மேல் பட்ட கையும் நினைவுக்கு வந்தன. விலக்கியிருந்தால், நாற்பது அட்டையில் என் அட்டை ஏன் இல்லை என்று வகுப்பு கேட்டிருக்கும். அதனால் மூலையில் ஒட்டினார். மூலையும் காப்பாற்றாதபோது தன் கையையே பழிக்குக் கொடுத்தார். மதியச் சாப்பாட்டை என்னால் சாப்பிட முடியவில்லை.

அவர் எங்கே இருக்கிறார் என்று விசாரித்துப் பார்த்தேன், தெரியவில்லை. தம்பி வேலைக்குப் போகிறான், சட்டைப்பையில் இன்ஹேலர் இருக்கும். அம்மா இன்றும் கொடியைத் துடைத்துவிட்டுத்தான் துணி போடுகிறாள். போன வாரம், புதிதாக வந்திருக்கும் தம்பி மனைவியிடம் அந்தக் கண்காட்சிக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். இன்ஜினீயர் எத்தனை பேர் முன்னால் நம் வீட்டைச் சுத்தம் என்று சொன்னார் என்பதை வழக்கம்போல் இரண்டு முறை சொன்னாள்.

"ஆனா அந்த டீச்சரு பாவம். நல்ல பொம்பள. ஒரு வாசலினு ஒழுங்காத் தடவத் தெரியல அதுக்கு," என்று முடித்துவிட்டு, நான் ஆமாம் சொல்வதற்காக என் பக்கம் திரும்பினாள்.

பன்னிரண்டு வயதில் ஆட்டிய அதே தலையை மறுபடியும் ஆட்டினேன்.