பலகை போட மாட்டேன்

வேட்பாளர் வருகிறார் என்றதும் ஓடிப்போய்ப் பலகையைத் தூக்கி வந்து போட்டவள் நான்தான். அந்த வெட்கக்கேட்டை முதலில் சொல்லிவிடுகிறேன்.

திருப்பூர் மண்ணரையில் நாங்கள் குடியிருக்கும் லைன் வீடுகள் மொத்தம் பன்னிரண்டு. ஒரே வரிசை, ஒரே வாசல், கடைசியில் எல்லோருக்கும் பொதுவாக இரண்டு கழிப்பறை. வாசலை ஒட்டிச் சாக்கடை. ஓடினால்தானே அதைச் சாக்கடை என்று சொல்வது? அது எங்களோடு குடியிருந்தது, வாடகை கொடுக்காமல். மழை பெய்யாத நாளிலும் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அதில் இறங்கி ஏறித்தான் தினமும் கம்பெனி வேனைப் பிடிப்போம்.

போன சட்டமன்றத் தேர்தலின்போது எங்கள் வீதிக்கும் ஓட்டுக் கேட்டு வந்தார்கள். வீட்டில் அரிசி மூட்டையையும் பெட்டியையும் ஏற்றி வைத்திருந்த பலகையைக் காலி செய்து தண்ணீரின் குறுக்கே போட்டேன். ஆரத்தி கரைத்துத் தட்டில் ஊற்றிக்கொண்டு நின்றேன். ஞாயிற்றுக்கிழமை என்பதால் லைனில் எல்லோரும் இருந்தோம். வேட்பாளர் ஜீப்பிலிருந்து இறங்கி அந்தக் கரையில் நின்றார். வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்திருந்த கட்சிக்காரர் எங்களைப் பார்த்துக் கேட்டார்.

"ஏனுங்கக்கா, நீங்க எந்த ஊருங்க?"

திருப்பூரில் இந்தக் கேள்வியை மளிகைக் கடைக்காரர் கேட்பார், பக்கத்து மிஷினில் உட்காருகிறவள் கேட்பாள், டாக்டர்கூடக் கேட்பார். ஒருவரும் திருப்பூர் என்று பதில் சொல்ல மாட்டோம். வந்து எத்தனை வருடம் ஆனாலும் பிறந்த ஊரைத்தான் சொல்வோம். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு, "உசிலம்பட்டிங்க" என்றேன். பக்கத்து வீட்டுக்காரி தேனி என்றாள்.

அவர் பட்டியலை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "இந்த லைன்ல ஓட்டு இல்லீங்கண்ணா. எல்லாம் வெளியூருங்க. அடுத்த வீதிக்குப் போயிரலாமுங்க."

வேட்பாளர் பொதுவாக ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பி நடந்தார். ஆரத்தித் தண்ணீரைச் சாக்கடையிலேயே ஊற்றினேன். பதினான்கு வருடமாக இந்த ஊருக்குப் பனியன் தைக்கிறேன். என் மகள் பிறந்தது இங்கே, படிப்பது இங்கே. எனக்கு அழுகை வரவில்லை. உடம்பெல்லாம் எரிந்தது.

"விடு, நமக்குத்தான் ஊர்ல ஓட்டு இருக்குல்ல" என்றார் என் கணவர். அவர் இன்னொரு கம்பெனியில் அயர்ன் மாஸ்டர். எதையும் தேய்த்து மடித்து வைத்துவிடுகிற சுபாவம்.

ஊரில் ஓட்டு இருந்த லட்சணத்தையும் சொல்ல வேண்டும். தேர்தலுக்கு முதல் நாள் தென்மாவட்டத்து ஆட்களை ஏற்றிப் போக திருப்பூருக்கு பஸ் வரும். டிக்கெட் கிடையாது, சாப்பாட்டுப் பொட்டலமும் உண்டு. போய் இறங்கினால் என் கணவரின் அண்ணன் எந்தச் சின்னம் என்று சொல்வார். குத்திவிட்டு மறுபடி பஸ் ஏறுவோம். நின்றவரின் முகம்கூட எனக்குத் தெரியாது. அந்த ஊர் எம்.எல்.ஏ.வுக்கு என் வாசல் சாக்கடை தெரியாது, இந்த ஊர் எம்.எல்.ஏ.வுக்கு என்னையே தெரியாது. ஓட்டு ஒரு ஊரிலும் வயிறு ஒரு ஊரிலுமாக இருந்தால் நம்மை எவன் மதிப்பான்? அடுத்த தேர்தலுக்குள் ஓட்டை இங்கே மாற்றியே தீருவது என்று முடிவு செய்தேன்.

முடிவு செய்வது சுலபம். விண்ணப்பத்தோடு முகவரிக்கு ஒரு ஆதாரம் கேட்டார்கள். கரண்ட் பில் வீட்டுக்காரம்மா பெயரில். வாடகைக்குக் குடியிருக்கிறோம் என்று ஒரு காகிதம் எழுதித் தரச் சொல்லி, எதிரே மாடியில் இருக்கும் அவர் வீட்டுக்குப் போனேன்.

"உங்களுக்குத்தான் சொந்த ஊரு இருக்குதே கண்ணு, அங்கயே போட்டுக்கறது. காயிதம் கீயிதமெல்லாம் நாங்க யாருக்கும் குடுக்கறதில்லீங்க" என்றார். மாநகராட்சிக் கணக்கில் எங்கள் பன்னிரண்டு வீடும் ஒரே கதவு எண். பன்னிரண்டுக்கும் தனித்தனியாக வரி விழும் என்ற அவருடைய பயம் எனக்குப் புரிந்தது. புரிந்து நான் என்ன செய்ய?

எங்கள் பகுதி வாக்காளர் பட்டியலைப் பார்த்துக்கொள்வது ஒரு அங்கன்வாடி டீச்சர். அவரிடம் போனேன். காகிதம் இல்லாவிட்டால் குற்றமில்லை, அவர் வீட்டுக்கு வந்து ஆள் குடியிருப்பதை நேரில் பார்த்தால் போதும் என்றார். சந்தோஷமாக லைன் முழுக்கச் சொல்லி, மற்றவர்களையும் விண்ணப்பிக்க வைத்தேன். டீச்சர் இரண்டு முறை வந்தார். இரண்டு முறையும் பகல் பதினோரு மணி. திருப்பூரில் பகல் பதினோரு மணிக்கு எந்த லைன் வீடு திறந்திருக்கும்?

"இன்னும் ஒருக்கா வருவேனுங்க. என்னைக்குன்னு சொல்ல முடியாது, எனக்கும் வேலை கெடக்குதுங்க. அப்பவும் பூட்டியிருந்தா ஆளில்லைன்னு எழுதறதைத் தவிர வேற வழியில்லீங்க" என்றார் போனில்.

எந்த நாள் என்று தெரியாமல் எத்தனை நாள் லீவு போடுவது? துணியில் அளவு குறிக்கும் சாக்பீஸைக் கம்பெனியிலிருந்து கொண்டுவந்து, கதவு கதவாக எழுதினேன்: 'இந்த வீட்டில் ஆள் இருக்கிறோம். கம்பெனிக்குப் போயிருக்கிறோம். ஞாயிறு வரவும்.' கீழே அவரவர் பெயரும் போன் நம்பரும். மறுநாள் வேலை முடிந்து வந்தால் கதவுகள் பளிச்சென்று இருந்தன. வீட்டுக்காரம்மா ஈரத்துணி போட்டுத் துடைத்திருந்தார்.

துடைக்க முடிகிற மாதிரி எழுதினால்தானே துடைப்பார்? வெட்டிக் கழித்த வெள்ளைப் பனியன் துணியைப் பொறுக்கி, சாப்பாட்டு இடைவேளையில் மிஷினில் உட்கார்ந்து, அதே வரிகளைச் சிவப்பு நூலில் தைத்தேன். எழுத்து கோணல்மாணலாகத்தான் வந்தது. சூப்பர்வைசர் எட்டிப் பார்த்து, "இது எந்த வெளிநாட்டு பையருக்குங்க?" என்றார். "எங்களுக்குத்தானுங்க" என்றேன்.

ஒன்பது வீட்டில் பூட்டோடு சேர்த்துக் கட்டித் தொங்கவிட்டோம். இரண்டு வீட்டில் பயந்துகொண்டார்கள். கடைசி வீட்டில் தங்கியிருந்த பீகார்க்காரர்கள் சிரித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

வீட்டுக்காரம்மா சாயங்காலம் வந்து நின்றார். "ஊடு என்ன துணிக்கடையாங்க?"

"சாக்பீஸ் போட்டாக் கதவு கெட்டுரும்னு தொடச்சீங்க. துணி கதவைத் தொடவே இல்லீங்களே. பூட்டுலதான் தொங்குது. பூட்டு நாங்க வாங்குனதுங்க."

அவர் துணியை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு மாடியேறிப் போனார். வீட்டைக் காலி பண்ணச் சொன்னால் எங்கே போவது என்று எனக்கும் பயம்தான். ஆனால் ஒன்பது வீட்டையும் ஒன்றாகக் காலி பண்ணச் சொல்ல அவருக்கும் மனம் வராது என்று கணக்குப் போட்டேன்.

அந்த வாரமே டீச்சர் வந்திருக்கிறார். ஒன்பது பூட்டையும் போட்டோ எடுத்துக்கொண்டு எனக்குப் போன் செய்தார். சிரிப்பை அடக்க முடியாமல், "ஞாயித்துக்கெழமை வர்றேனுங்க" என்றார். வந்தார். வீடு வீடாக நின்று எழுதிக்கொண்டார். பெயர்கள் ஏறின.

விஷயம் ஊருக்கும் எட்டியது. கணவரின் அண்ணன் போனில் குதித்தார். "என்னம்மா, ஓட்ட அங்கிட்டு மாத்திப்புட்டியாமே? நம்ம வீட்ல அஞ்சு ஓட்டுன்னு சொல்லி வச்சிருக்கேன். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நாலுங்கிறது?"

"நாலுன்னே சொல்லுங்க மாமா" என்று வைத்துவிட்டேன். என் கணவர் மட்டும் இந்த முறையும் பஸ்ஸில் போகிறேன் என்றார். போகட்டும். அவர் மேல் அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இந்தத் தேர்தலுக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜீப் வந்தது. அதே கட்சிக்காரர், கொஞ்சம் தொப்பை போட்டிருந்தார். பட்டியலைப் புரட்டிப் பார்த்துவிட்டு வேட்பாளரின் காதருகே போனார். "இந்த லைன்ல பதினாலு ஓட்டு இருக்குதுங்கண்ணா."

வெள்ளை வேட்டியில் வேட்பாளர் தண்ணீருக்கு அந்தப் பக்கம் நின்றார்.

"அக்கா, பலகை கிலகை இருந்தாப் போடுங்க" என்றார் கட்சிக்காரர்.

"இருக்குதுங்க. போட மாட்டேன்."

மாடியிலிருந்து வீட்டுக்காரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார்.

"நாங்க தெனமும் இதுலதானுங்க நடக்கறோம். அண்ணனும் ஒருக்கா நடந்து பாக்கட்டுமுங்க" என்றேன்.

வேட்பாளர் என்னைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார், சுற்றிலும் போனைத் தூக்கிப் பிடித்திருந்தவர்களைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டி இறங்கினார். நடுவில் ஒருமுறை கால் வழுக்கியது. யாரும் கை கொடுக்கவில்லை. ஏறி வந்து என் எதிரில் நின்று, மூச்சு வாங்கக் கேட்டார்.

"நீங்க எந்த ஊரும்மா?"

நாக்கு பழக்கத்தில் உசிலம்பட்டிக்குத்தான் கிளம்பியது. பிடித்து நிறுத்தினேன்.

"மண்ணரைங்க."

கால் கழுவ ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தேன். நன்றாகத் தேய்த்துக் கழுவினார். திரும்பிப் போகவும் அவருக்கு அந்த ஒரு வழிதான் இருந்தது.