பச்சை விளக்கும் இரண்டு விலாசமும்

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டுக்குள் போக வேண்டுமென்றால் வெளியே நின்று பேரைச் சொல்லிக் கூப்பிடுவோம். உள்ளேயிருந்து யாராவது "யாரு?" என்பார்கள். "நான்தான்" என்றால் போதும். பெங்களூரில், ஆடுகோடிப் பக்கம் நான் கூட்டித் துடைக்கிற ஆபீசின் மூன்றாவது மாடியில் இருப்பது கண்ணாடிக் கதவு. அது யாரையும் யாரென்று கேட்பதில்லை. கழுத்தில் தொங்குகிற அட்டையைப் பக்கத்தில் இருக்கும் கறுப்புப் பெட்டியிடம் காட்ட வேண்டும். பச்சை எரிந்தால் உள்ளே போகலாம். சிவப்பு எரிந்தால் நிற்க வேண்டியதுதான். அன்றைக்குத் திங்கட்கிழமை, எனக்குச் சிவப்பு எரிந்தது. அட்டையில் ஈரம் பட்டிருக்கும் என்று முந்தானையில் துடைத்து மறுபடி காட்டினேன். அப்போதும் சிவப்புதான். யாரையாவது கேட்கலாம். ஆனால் வாய் திறந்து கேட்கிற சுபாவம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே கிடையாது. சுவரோரமாக ஒதுங்கி நின்றேன். காதில் ஒயர் மாட்டிய பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பச்சை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்கள்.

வாட்ச்மேன் அஸ்ஸாம்காரர். நெடுநேரம் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு அட்டையை வாங்கித் தன் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தார். "ஆன்ட்டி, நீ இல்லே" என்றார்.

"இருக்கனேப்பா" என்றேன்.

"இங்கே இருக்கே. கம்ப்யூட்டர்லே இல்லே. நீ ஊருக்குப் போயாச்சு."

நான் எங்கேயும் போகவில்லை என்று சொன்னது அவருக்குப் புரியவில்லை. ஊருக்குப் போவதற்காகத்தான் நிற்கிறேன் என்று நினைத்துக்கொண்டாரோ என்னவோ, கையை ஆட்டி "பை பை" என்றார்.

ஊரில் இருக்கிறவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். எனக்கு வேலையே போய்விடுமே என்று பயம் வந்துவிட்டது. எங்களை வேலைக்கு எடுத்தவர் கான்ட்ராக்டர். அவருக்குக் கீழே சூப்பர்வைசர் நாகராஜ். போன் போட்டேன். "சிஸ்டத்துல பேரு இல்லன்னா நான் என்னம்மா பண்றது? இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணிக்கோ. இல்லன்னா நாளைக்கு வேற ஆள் அனுப்பிடுவேன்" என்று வைத்துவிட்டார். மர்பி டவுனில் என் மகன் வீடு ஒரு ரூமும் சமையல்கட்டும்தான். மருமகள் கெட்டவள் இல்லை. ஆனால் வேலைக்குப் போய்விட்டு வருகிற மாமியாருக்கு அந்த வீட்டில் கால் நீட்ட ஒரு மூலை உண்டு. நாள் முழுக்க வீட்டிலேயே இருக்கிற மாமியாருக்கு அந்த மூலையும் இருக்குமா என்பது எனக்குச் சந்தேகம். களம்பூருக்குத் திரும்பலாம் என்றால், எங்கள் பங்கு வீட்டில் கொழுந்தனார் கூரை முட்ட நெல் மூட்டை அடுக்கி வைத்திருக்கிறார். போனால் மூட்டை மேல்தான் படுக்க வேண்டும்.

நடந்தது என்னவென்று கொஞ்ச நேரத்தில் தெரிந்தது. அந்த ஆபீசில் நாங்கள் இரண்டு சரோஜா. இரண்டு பேருமே கே. சரோஜா. அவள் ஆரணி, நான் பக்கத்திலேயே களம்பூர். இரண்டு பேருக்கும் இனிஷியல் வீட்டுக்காரர் கொடுத்தது. அவள் வாயாடி, நான் ஊமை. அதனால் ஆட்கள் எங்களைக் குழப்பிக்கொண்டதே இல்லை. அவளுக்கு மூட்டுவலி. மகள் வீட்டோடு இருக்கப்போகிறேன் என்று முந்தின சனிக்கிழமை கணக்கு முடித்துக்கொண்டு ஆரணிக்கே போய்விட்டாள். போனவள் பேரை எடுக்கச் சொல்லி மேலேயிருந்து உத்தரவு வந்திருக்கிறது. எடுத்தது என் பேரை.

எடுத்தவள் ஷோபா மேடம். கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிற பெண், சொந்த ஊர் மைசூர்ப் பக்கம். தமிழ் பேசுவாள், அதில் பாதி கன்னடம் இருக்கும். டிபன் பையோடு லிஃப்டிலிருந்து வந்தவள் சுவரோரம் நிற்கிற என்னைப் பார்த்ததும் விஷயத்தைக் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள். "அய்யோ, தப்பு என்துதான் சரோஜம்மா. கே சரோஜான்னு தேடினேன், ரெண்டு வந்துச்சு. மேல இருந்தத எடுத்துட்டேன். பேருதான் பாத்தேன், நம்பர் பாக்கல." அவள் அட்டைக்கு அன்று என்னையும் சேர்த்துக் கதவு திறந்தது.

தன் மேசைக்குப் பக்கத்திலேயே நாற்காலி இழுத்துப் போட்டு, "கூத்கொள்ளி அம்மா" என்று உட்காரச் சொன்னாள். தினமும் நான் துடைக்கிற நாற்காலி. உட்கார்ந்தால் சுற்றும் என்பது தெரியும், இவ்வளவு சுற்றும் என்று தெரியாது. காலைத் தரையில் அழுத்திக்கொண்டேன். அவள் திரையில் படமும் இல்லை, பொம்மையும் இல்லை. கறுப்புப் பலகை மாதிரி இருந்தது, அதில் வெள்ளை எழுத்து. ஆபீசில் இருக்கிற அத்தனை பேரும் எல்டாப் என்கிற பேர்ப் பட்டியலுக்குள் இருக்கிறார்களாம். கதவு அதைக் கேட்டுத்தான் பச்சையா சிவப்பா என்று முடிவு செய்கிறதாம். புதிதாக ஒருவரைச் சேர்க்க ஆட் என்று ஒரு கட்டளை, இருப்பவரை மாற்ற மாடிஃபை என்று இன்னொன்று. நான் ஐந்தாவதோடு நின்றவள். இங்கிலீஷ் எழுத்தைக் கூட்டிக் கூட்டித்தான் படிப்பேன். அவள் அடித்த முதல் வரியைப் பார்த்தால் கடிதத்து விலாசம் போல இருந்தது. ஆள் முதலில், பிறகு எந்தப் பிரிவு, பிறகு எந்தக் கம்பெனி. கீழே ஒவ்வொரு வரியிலும் ஒரு கேள்வி, இரண்டு புள்ளி, ஒரு பதில்.

அடித்து முடித்து ஒரு தட்டு தட்டினாள். திரை ஏதோ சொல்லித் திருப்பிவிட்டது.

"சர்நேம் கேக்குது" என்றாள். "இது இல்லாம உள்ள விடாது. போன தடவை கான்ட்ராக்டர் ஃபைல்ல வெறும் கே-ன்னு இருந்துச்சு, அப்படியே ஏத்திட்டாங்க. அதனாலதான் இந்தக் குழப்பம். முழுசாப் போடலாம். கே-ன்னா என்ன பேரு?"

காலைத் தரையில் இன்னும் அழுத்தினேன்.

"வீட்டுக்காரர் பேரா?"

தலையாட்டினேன்.

"சொல்லுங்க."

அந்தப் பேரை நான் வாயால் சொன்னதில்லை. அவர் இருந்தபோதும் இல்லை, போன பிறகும் இல்லை. சொல்ல வேண்டிய இடத்தில் கார்டை நீட்டிவிடுவேன். அன்றும் பையில் ஆதார் கார்டு இருந்தது, நீட்டியிருக்கலாம். ஆனால் எனக்கு ஆஸ்பத்திரி ஞாபகம் வந்துவிட்டது. அவர் இறந்துபோன வருஷமே நான் கண் காட்ட இங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். என் பேருக்குப் பின்னால் அவர் பேரையும் எழுதிக்கொண்டார்கள். கூட்டத்தில் ஒரு நர்சு சீட்டைப் பார்த்து என் பேரை விட்டுவிட்டு அவர் பேரை மட்டும் சத்தமாகக் கூப்பிட்டாள். நான் சட்டென்று பின்னால் திரும்பிப் பார்த்தேன், எழுந்து வருகிறாரோ என்று. ஒரு பையன்தான் சமோசா தின்றுகொண்டிருந்தான். அதன் பிறகு டாக்டர் கேட்ட எதற்கும் என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. இந்த ஆபீசிலும் அட்டையில் அந்தப் பேர் ஏறினால், குப்பைக் கூடையை எடுக்கச் சொல்லவும் பாத்ரூம் கழுவச் சொல்லவும் அவர் பேரைச் சொல்லித்தானே கூப்பிடுவார்கள்?

"களம்பூர்னு போடும்மா" என்றேன்.

"அது அவர் பேரா?"

"எங்க ஊரு."

அவள் என்னைப் பார்த்தாள். சிரிப்பாள் என்று நினைத்தேன். "எங்க மைசூர் பக்கமும் ஊர் பேர் போட்டுக்கறவங்க இருக்காங்க. கே-வும் அப்படியே நிக்கும்" என்று அடித்தாள். இந்தத் தடவை திரை எதுவும் சொல்லவில்லை. அது எதுவும் சொல்லாவிட்டால் ஒப்புக்கொண்டது என்று அர்த்தமாம். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் மாதிரி.

பிறகு விலாசம். கான்ட்ராக்டர் ஃபைலில் இருந்தபடி அவள் களம்பூர்த் தெருவை ஏற்றியிருந்தாள். ஆபீசுக்கு இங்கே இருக்கிற விலாசம்தான் வேண்டுமாம். "மர்பி டவுன்தானே? மாத்திடறேன்" என்று ரீப்ளேஸ் என்று ஒரு வரி அடித்தாள். நாற்காலி சுற்றியதோ என்னவோ, நான் முன்னால் சாய்ந்து கேட்டேன். நானாக அவளிடம் கேட்ட முதல் கேள்வி அது.

"அப்ப களம்பூர் போயிடுமா?"

"ரீப்ளேஸ் போட்டா போயிடும்."

"போவாம இருக்காதா?"

கொஞ்சம் யோசித்தாள். "ஆட் போட்டா ரெண்டும் இருக்கும்."

"ரெண்டு இருக்கலாமா?"

"இருக்கலாம்மா. மிஷினுக்கு என்ன கஷ்டம்?" என்று அந்த ஒரு வார்த்தையை மட்டும் அழித்து ஆட் என்று மாற்றினாள். தட்டினாள். என் பேருக்குக் கீழே இரண்டு விலாசமும் வந்து நின்றன. களம்பூர் மேலே இருந்தது. அதுதான் முதலிலா என்று கேட்டேன். "வரிசையெல்லாம் இதுல கிடையாது. இன்னிக்கு இது மேல வருது, இன்னொரு நாள் அது வரலாம். மேல இருக்கறத நம்பித்தானே நான் உங்களையே தூக்கினேன்?" என்று சிரித்தாள். பிறகு ஆரணி சரோஜாவின் நம்பரை இரண்டு தடவை சத்தமாகப் படித்துவிட்டு அவளை எடுத்தாள். எடுக்க ஒரே வரிதான்.

சாப்பாட்டு நேரத்தில் ஆரணி சரோஜாவுக்குப் போன் செய்தேன்.

"ஏண்டி, இன்னிக்குக் காலைல வரைக்கும் நீ பெங்களூர்லதான் இருந்தியாம்."

"அப்படியா? சம்பளம் போடச் சொல்லு. நீ எங்க இருந்த?"

"நான் ஊருக்குப் போயிட்டேனாம்."

"அடிப்பாவி! ஊருக்கு வந்துட்டு என் வீட்டுப் பக்கம் எட்டிப் பாக்காம போயிட்டியே! உனக்குன்னு சுக்குக் காப்பி போட்டு வெச்சிருந்தேன்." அவள் சிரித்த சிரிப்பில் எனக்கும் சிரிப்பு வந்தது. வைத்த பிறகு, மாடிப்படியின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து ஒரு காலைப் பிடித்துவிட்டுக்கொண்டேன். ஊருக்குப் போய்விட்டேன் என்று வாட்ச்மேன் சொன்னபோது, பயத்துக்கு முன்னால், ஒரு கண் இமைக்கிற நேரம் காலுக்கு ஓய்வு கிடைத்த மாதிரி இருந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை. அவள் அங்கே போயும் மூட்டுவலி குறையவில்லை என்றாள்.

சாயங்காலம் அட்டையைக் காட்டினேன், பச்சை எரிந்தது. நாகராஜுக்குச் சொன்னேன், "ம்" என்றார். பஸ்ஸில் வழக்கம்போலக் கூட்டம். இந்த ஊர் விலாசம் உள்ள பெண்களுக்கு டிக்கெட்டுக்குக் காசு கிடையாது, கார்டைக் காட்டினால் போதும். கண்டக்டர் என் அருகில் வந்து "ஆதார் தோர்ஸி" என்றார். காட்டினேன். பார்த்துவிட்டு, "தமிழ்நாடா? டிக்கெட் தகொள்ளி" என்றார். பக்கத்தில் நின்ற அம்மாள், "எத்தன வருஷமா இதே பஸ்ல வரீங்க, விலாசத்த மாத்திக்கக் கூடாதா?" என்றாள். மகனும் இதைத்தான் சொல்கிறான். அந்தக் கார்டில் ஒரு விலாசத்துக்குத்தான் இடம் இருக்கிறது. காசு கொடுத்து டிக்கெட்டை வாங்கி வளையலுக்குள் செருகிக்கொண்டேன். மூன்றாவது மாடியில் இந்நேரம் விளக்கை அணைத்திருப்பார்கள். அந்தக் கறுப்புப் பலகைக்குள் களம்பூரும் மர்பி டவுனும் ஒன்றின் கீழ் ஒன்றாக இருக்கும். இப்போது எது மேலே இருக்கிறதோ, தெரியவில்லை.