பசியாவரத்தில் ஒரு சீன வரைபடம்

பழவேற்காட்டிலிருந்து படகேறிப் பசியாவரம் தீவுக்கு வந்திருக்கிறேன், நான் படித்துக்கொண்டிருக்கும் ஒரு சீனக் காவியத்துக்காக. மூன்று அரசுகள் மோதும் கதை. ஆளுக்கு இரண்டு பெயர், எந்த ஊர் யாருடையது என்றே பிடிபடவில்லை. இணையத்தில் தேடினால் வீடியோ கேம் ஆடுகிறவர்களின் விளக்கம்தான் வருகிறது. அந்த எரிச்சலில் புலம்பியபோதுதான், கப்பல் வேலையை விட்டு இந்த ஊருக்கே திரும்பிவிட்ட, எனக்குப் பழக்கமான தேசப்பன், "அந்தக் கதைக்கு என்னாண்ட நல்ல மேப் இருக்குது, வாங்க சார்" என்று போனில் சொன்னார்.

ஈர வலையை ஓரம் தள்ளிவிட்டுப் பாயில் வரைபடத்தை விரிக்கிறார். ஆறு, மலை, கோட்டை எல்லாம் இருக்கின்றன. எழுத்து முழுக்கச் சீனம்.

"உங்களுக்குச் சீனம் படிக்கத் தெரியும்னு நினைச்சேனே!"

"எனக்கு எப்படி சார் தெரியும்? ஷாங்காய்ல அழகா இருக்குதேனு வாங்கினேன். நீங்க வந்து கதை சொல்லுவீங்கனுதான் இவங்கள உக்கார வெச்சிருக்கேன்."

அவர் மனைவியும் பக்கத்து வீட்டுக்காரர்களும் என்னையே பார்க்கிறார்கள்.

"கடைசில யாரு ஜெயிச்சாங்க, அத்த மட்டும் சொல்லுங்க சார்" என்கிறார் மனைவி.

"இன்னும் பாதிதாம்மா படிச்சிருக்கேன்."

"அய்ய, இதுக்கா இம்மாந்தூரம் வந்தீங்க?"

திரும்பிப் போகும் படகு சாயங்காலம்தான்.