சனிக்கிழமைப் பழம்

திருநகரில் ஒரு வீட்டில் நோயாளியைத் தூக்கும் வேலை பார்த்தேன். அதற்கு முன்பு லாரியில் கிளீனர், செங்கல் சூளை, கல்யாண மண்டபத்தில் பந்தி. எட்டாவதோடு பள்ளி முடிந்தது. எங்கும் ஒரு வருடம் தாங்கியதில்லை.

அந்த வீட்டுக்காரர் சேலை வியாபாரம் செய்தவர். நாற்பது வயதுக்கு மேல் அவருடைய கை கால்கள் தம்பாட்டுக்கு ஆட ஆரம்பித்தன. குடித்திருக்கிறார் என்று தெருவில் பேசினார்கள். அவருடைய அப்பாவுக்கும் இதே நோய்தானாம். இரண்டு ஆள் பிடித்தால்தான் குளியலறைக்குப் போக முடியும். ஒரு பக்கம் நான், மறுபக்கம் அவர் மனைவி.

"மாப்ள, விட்டுறாத. இன்னைக்கு டான்ஸ் ஜாஸ்தியா இருக்கு" என்பார், குழறிக் குழறி. அவரே முதலில் சிரிப்பார்.

அவர்களுக்குள் சௌராஷ்டிர மொழியில் பேசிக்கொள்வார்கள், என்னிடம் தமிழில். அந்தம்மா என்னை அண்ணே என்றுதான் கூப்பிடும். கணவருக்காக ஆஞ்சநேயருக்கு நேர்ந்துகொண்டு, சனிக்கிழமைதோறும் குரங்குகளுக்கு வாழைப்பழம் கொடுத்துவந்தது. அவரைத் தனியே விட்டுப் போக முடியாமல் ஆனபோது அந்த வேலையும் என்னிடம் வந்தது. திருப்பரங்குன்றத்து மலையடிக்குப் பழத்தை எடுத்துப் போவேன். இரண்டு மாதத்தில் குரங்குகள் என்னைக் கண்டதும் இறங்கிவந்தன. குட்டியை வயிற்றில் கட்டிக்கொண்டு வரும் தாய்க்குரங்குகூட என் கையிலிருந்தே வாங்கும்.

அதை ஒருவன் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறான். வேனில் கூண்டு வைத்திருந்தான்.

"அண்ணே, நாங்க போனா ஓடுது. உங்ககிட்ட மட்டும் இம்புட்டு ஒட்டுதே. பழத்தக் கூண்டுக்குள்ள வைங்க, போதும்."

"எங்க கொண்டு போறீங்க?"

"மருந்து கண்டுபிடிக்கிற எடத்துக்கு. நல்ல காரியந்தாண்ணே."

மூன்று சனிக்கிழமை வைத்தேன். ஏழு குரங்குகள். கூலி வாங்கினேன். வீட்டுக்குத் திரும்பியதும், "சாப்டுச்சாண்ணே?" என்று அந்தம்மா கேட்கும். "சாப்டுச்சு" என்பேன். பொய் இல்லை. கூண்டுக்குள் போய்த்தான் சாப்பிட்டன.

அவர்களுடைய மகள் பசுமலையில் கல்லூரியில் படித்தாள். ஒருநாள் கல்லூரி நூலகத்திலிருந்து பத்திரிகைச் செய்தி ஒன்றை நகலெடுத்து வந்தாள். நாங்கள் அவருக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தோம். நானும் இருந்ததால் தமிழிலேயே சொன்னாள்.

"அம்மா, வெளிநாட்டுல அப்பாவோட நோய்க்கு ஆராய்ச்சி பண்றாங்க. இந்த நோயக் கொண்டுவர்ற மனுச ஜீனக் குரங்கோட கருமுட்டைல வச்சிருக்காங்க. பொறந்த குட்டிகளுக்கு அப்பாவுக்கு மாதிரியே கை கால் இழுக்குதாம்."

"குட்டிக்கா?" என்றது அந்தம்மா. கையில் பிசைந்த சோறு அப்படியே இருந்தது. "நாம பழம் குடுத்து இவருக்குச் சரியாகணும்னு வேண்டுறோம். அங்க அதுக்கே வர வைக்கிறாங்களா?"

"மருந்துக்குத்தாம்மா. எனக்கும் இது வரலாம், வராமயும் போகலாம். மருந்து வேணாம்னு நான் எப்படிச் சொல்றது? ஆனா வேணும்னு சொல்லவும் வாய் வரல."

நோயின் பங்கு தன் உடம்பிலும் இருக்கலாம் என்று தெரிந்த பெண் அப்படித் தயங்கினாள். எனக்கோ அந்தச் செய்தியைக் கேட்டதும் மனசு லேசானது. இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது என்று வாயைத் திறந்தேன்.

"நானும் ஏழு குரங்கு புடிச்சுக் குடுத்தேன்மா, மருந்துக்குத்தான். உங்க பழந்தான் வச்சேன். எல்லாம் ஒரே புண்ணியந்தான்."

என்னவோ பெருமையாகத்தான் சொன்னேன். மகள்தான் கேட்டாள்.

"எந்த நோய்க்குண்ணே?"

தெரியாது. எந்த நோய், எந்த ஊர், அவை உயிரோடு இருக்கின்றனவா, எதையும் நான் கேட்டதில்லை. கூலியை மட்டும் கேட்டு வாங்கியிருந்தேன்.

"அந்தக் குட்டிக்காரி?" என்றது அந்தம்மா. நான் வந்து சொல்லும் கதைகளில் அந்தத் தாய்க்குரங்கு இருக்கும்.

"அதுவுந்தான்."

அந்தம்மா என்னைத் திட்டவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து, "இவரத் தூக்கணும்" என்றது. தூக்கினோம். அவருடைய கை வழக்கம்போல என் கழுத்தைத் தேடிப் பிடித்துக்கொண்டது. "கெட்டிக்காரன் மாப்ள நீ" என்றார். கேலியா, ஒன்றும் விளங்காமல் சொன்னாரா, எனக்குத் தெரியவில்லை. அவருடைய முகம் எப்போதும் ஆடிக்கொண்டே இருக்கும், அதில் எதையும் படிக்க முடியாது.

அடுத்த சனிக்கிழமை அந்தம்மா பழம் தரவில்லை. வேலையை விட்டுப் போகவும் சொல்லவில்லை. எப்படிச் சொல்லும்? மறுபக்கம் பிடிக்க ஆள் வேண்டுமே. எனக்குப் பிடிக்காதவன் என் வீட்டு ஆளைத் தொட்டுத் தூக்க நான் சம்மதிப்பேனா என்று யோசித்தேன். அந்தம்மா தினமும் சம்மதித்தது, எனக்குச் சாப்பாடும் போட்டது.

பதினோரு நாள் தாங்கினேன். பன்னிரண்டாம் நாள், அவரைக் குளிப்பாட்டும் நேரத்துக்கு முன்னால், பீடி வாங்கிவருகிறேன் என்று இறங்கித் திருமங்கலம் பஸ்ஸில் ஏறிவிட்டேன். அன்று அவரைத் தூக்கியிருந்தால் அந்தப் பெண்தான் தூக்கியிருக்க வேண்டும், கல்லூரிக்குப் போகாமல். ஊர் ஊராகச் சுற்றுவது என் சுபாவம் என்று எல்லோரிடமும் சொல்லி வந்திருக்கிறேன். அந்த வீட்டைப் பொறுத்தவரை அது சுபாவம் இல்லை. ஓடினேன்.