மிளகு கூடின சரக்கு

எங்கள் ஊரில் வீட்டை விட்டு வெளிக்கிடும்போது "போறன்" என்று சொல்லக்கூடாது. சந்தைக்குப் போனாலும் கொழும்புக்குப் போனாலும் "போட்டு வாறன்" என்றுதான் சொல்லவேண்டும். நான் அம்மாவிடம் "போறன்" என்று சொல்லிவிட்டு வெளிக்கிட்டவள். குருநகர்ப் பக்கத்து வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர், ஒருவரைக் கட்டப்போகிறேன் என்றதும் மருதனார்மடத்தில் எங்கள் வீட்டில் பெரிய சண்டை. அம்மா அடுப்படியில் நின்றபடி திரும்பியும் பார்க்கவில்லை. எனக்கும் கோபம் மூக்கு நுனியில்தான் இருக்கும். படலையைச் சாத்தாமலே வந்துவிட்டேன்.

அடுத்த வருடம், தொண்ணூற்றிரண்டில், அரியாலையில் ஒரு வாடகை வீட்டில் எனக்கு மகள் பிறந்தாள். மருதனார்மடத்திலிருந்து அரியாலைக்குச் சைக்கிளில் ஒரு மணித்தியாலம். தலைப்பிள்ளைக்குத் தாய்வீடு என்பது எங்களில் எழுதாத சட்டம். எனக்கு வேது வைத்துக் குளிப்பாட்டவும் ஆளில்லை. இவர், அதுதான் என் கணவர், வேப்பிலையை அவித்து வாளியில் கொண்டுவந்து வைத்துவிட்டு, தேத்தண்ணி தருகிறவர்போல் "சூடு காணுமோ?" என்று கேட்பார். நான் எரிந்து விழுவேன். பாவம், அவரில் எனக்கு ஒரு கோபமும் இல்லை. எனக்கு அம்மா வேண்டும், அவ்வளவுதான்.

பிள்ளைக்கு என் பால் போதவில்லை. பொருளாதாரத் தடைக்காலம், பால்மாப் பெட்டியைக் கண்ணால் காணவும் கிடைக்காது. அழுது அழுது பிள்ளை நித்திரையாகும்.

அந்த நேரத்தில்தான் எங்கள் பக்கத்து முன்பள்ளியில் புதன்கிழமைப் பின்னேரங்களில் தாய்மார் வகுப்பு ஒன்று தொடங்கியது. நடத்தியவர் ஒரு மருத்துவிச்சி. மிசி என்று கூப்பிடுவோம். என்னைவிட இளையவர், கலியாணமாகாதவர். முதல் இரண்டு கிழமையும் புத்தகத்தைப் பார்த்து வாசித்தார், ஒருத்தரும் காது கொடுக்கவில்லை. மூன்றாம் கிழமை புத்தகத்தை மூடிவிட்டுச் சொன்னார்: "நான் பிள்ளை பெறாதவள். நீங்கள் உங்கடை அம்மாமாரைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. உங்கடை வீடுகளிலை என்ன செய்யிறனீங்கள் எண்டு சொல்லுங்கோ. நல்லதை எழுதி வைப்பம். கூடாததுக்கு நான் சண்டை பிடிப்பன்."

பிறகு வகுப்புக் களைகட்டிவிட்டது. முன்பாயில் தாய், பின்பாயில் தாயின் தாய். சீம்பாலைப் பீச்சி வெளியே ஊற்றிவிடவேண்டும் என்ற ஒரு கிழவியோடு மிசி உண்மையிலேயே சண்டை பிடித்து வென்றார். ஆனால் பிள்ளையை நிறுத்தால் நாவூறு படும் என்று எல்லோரும் மறுத்தபோது அவர் சிரிக்கவில்லை. நிறையை வாயால் சொல்லாமல் அட்டையில் எழுதி, விரலால் தொட்டுக் காட்டினார். என் அட்டையில் அந்த விரல் மூன்று கிழமையாக ஒரே இடத்தில் நின்றது.

எனக்குப் பின்னாலும் ஒரு பாய் விரித்திருக்கும். ஆளில்லாத பாய். நான் அதில் பையை வைத்து மறைப்பேன். "அம்மா வரேல்லையோ?" என்று பக்கத்திலிருந்தவள் கேட்டாள்.

"அவவுக்குக் கால் ஏலாது" என்றேன். ஒரு பொய் சொன்னால் ஒன்பது பொய். மிசி, பிள்ளை பெற்றவளுக்கு அரைத்துக் கொடுக்கிற சரக்கு ஒவ்வொரு வீட்டிலும் எப்படி என்று கேட்டு எழுதிக்கொண்டு வந்தார். என் முறை வந்ததும் வீம்பு விடவில்லை. "எங்கடை அம்மா எனக்குச் சொல்லி விட்டவ. மல்லியும் சீரகமும் வேர்க்கொம்பும். மல்லிக்குச் சரிபாதி மிளகு" என்று அடித்துவிட்டேன். அம்மா அரைப்பதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். அளவை யார் பார்த்தது?

என் பேச்சை நம்பி ஒருத்தி அரைத்துக் குடித்து, இரண்டு நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தாளாம். அவளுடைய மாமி மருதனார்மடச் சந்தையில் மரக்கறி விற்கிறவ. பிறகு கேட்கவேண்டுமா?

அடுத்த புதன் நான் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டிருக்க, வாசலில் அம்மா. மண்ணெண்ணெயில் ஓடுகிற மினிபஸ்ஸில் வந்திருக்கவேண்டும், சேலையெல்லாம் புகை மணம். என்னைப் பார்க்கவில்லை. நேரே மிசியிடம் போனார்.

"நான் இவளின்ரை தாய். இவள் சொன்ன சரக்குப் பிழை. எங்கடை வீட்டிலை மிளகு உவ்வளவு போடுறேல்லை. ஊர்ச்சனத்தின்ரை வயிறு எரிஞ்சா அந்தப் பழி எனக்கெல்லோ?"

"அப்ப சரியானதைச் சொல்லுங்கோ அம்மா, எழுதுறன்."

"எழுதிப்போட்டு என்ன செய்யிறது? ஆரும் ஒரு அம்மியைக் கொண்டு வாங்கோ."

பக்கத்து வீட்டிலிருந்து அம்மி வந்தது. அம்மா இருந்து அரைத்தார். அரைத்து முடித்துக் கையைக் கழுவிக்கொண்டு, என் பையைத் தூக்கி ஒருபக்கம் வைத்துவிட்டு அந்தப் பாயில் இருந்தார். "பிள்ளையைத் தா" என்றார். கொடுத்தேன். கொடுத்துவிட்டு, இத்தனை பேருக்கு முன்னால், வெட்கமில்லாமல் அழுதேன்.

வெளிக்கிடும்போது பிள்ளையின் காதுக்குள் "அம்மம்மா போட்டு வாறன் என்ன" என்றார். அது எனக்குச் சொன்னது.

புதன்கிழமை தவறாமல் வந்தார். பால் ஊறட்டும் என்று மிசி தன் ஊரிலிருந்து கொண்டுவந்து தந்த பால்சுறா மீனை வறை வறுத்தும் தந்தார். மிசியின் விரல் அட்டையில் மேலே ஏறியது. கண்டதும் அம்மா பிள்ளையின் கன்னத்தில் இன்னொரு கறுத்த பொட்டை வைத்தார்.

தொண்ணூற்றைந்தில் ஷெல் சத்தம் கிட்டக் கிட்ட வந்தது. இவர் சைக்கிளில் போய் அம்மாவைக் கூப்பிட்டார். அம்மாவின் பசு கன்று போட்டு மூன்று நாளாம். "பச்சை உடம்புக்காரியை விட்டிட்டு எப்பிடித் தம்பி வாறது? நீங்கள் முன்னாலை போங்கோ. நான் வாறன் எண்டு அவளிட்டைச் சொல்லுங்கோ."

கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நான் பச்சை உடம்போடை கிடக்கேக்கை வராதவ, மாட்டுக்குக் காவல் இருக்கிறாவோ?" என்று கத்தினேன். அந்த வாயை இப்போது நினைத்தாலும் அடிக்கவேண்டும் போலிருக்கிறது.

சில நாளில், கொட்டும் மழையில், ஊரே தென்மராட்சிக்கு நடந்தது. நாவற்குழிப் பாலம் தாண்டி ஒரு பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு ஒரு மூலை கிடைத்தது. நான் இரண்டு பாய் விரித்தேன். கால் வைக்க இடமில்லாத சனம். "உந்தப் பாயிலை ஆர்?" என்று கேட்டார்கள்.

"எங்கடை அம்மா வாறா" என்றேன்.

அம்மா வரவில்லை. மருதனார்மடத்துச் சனத்தில் கேட்காத ஆளில்லை, கண்டதாக ஒருவரும் சொல்லவில்லை. ஆனால் அவர் "போறன்" என்று சொல்லவில்லையே. "வாறன்" என்றுதான் சொன்னவர்.

இப்போது மகளுக்கும் ஒரு பிள்ளை பிறந்திருக்கிறது. சரக்கு நான்தான் அரைத்தேன். அவளுக்குரியதைச் சரியான அளவில் அரைத்து எடுத்த பிறகு, இன்னும் கொஞ்சம் வேறாக அரைத்தேன். அதற்கு மல்லிக்குச் சரிபாதி மிளகு போட்டேன். பிழை என்று சொல்லவாவது ஒருக்கால் அம்மா வாசலில் வந்து நிற்கமாட்டாவா?